காத்தாடி டீச்சரின் ஊதுபத்தி

மஞ்சு தவழும் மலைமிசை அமர்ந்து
நெஞ்சம் தணிக்கும் வேலவ! நின்னடி
வெம்மையும் நீயே, தண்மையும் நீயே;
செம்மையின் இச்சொல் நிற்கஅருள் வாயே.

கார்த்திகைத் திங்களில் கிருத்திகை கூடிய நன்னாள் இன்று. அகல்களை ஏற்றி வாசற்படியில் வைத்தேன். சாரல் அணைத்துவிடாதபடி தகரத் தட்டொன்றைச் சாய்த்து மறைத்துவிட்டு எழுத அமர்ந்திருக்கிறேன். நம் தோட்டத்து முருகன் கோயில் ஆண்டு மலருக்கு, அடியார் ஒருவரின் பெருமையை எழுதித் தருமாறு மலர்க் குழுவின் இளைஞர்கள் கேட்டார்கள். நான் எழுதப்போவது, மாதக்கணக்கில் கருவறைக்கு முன்னே கைகூப்பாமல் நின்ற ஒரு பெண்மணியைப் பற்றி. அவரையும் அடியார் என்றே கொள்கிறேன். பெயரை எழுதவில்லை. கேமரன் மலையின் ரிங்லெட்டில் காத்தாடி டீச்சர் என்றால் போதும். யாரென்று கேட்பவர் இல்லை.

கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் நிலையம் ஒன்றை அவர் நடத்தினார். வார இறுதிகளில் கோயில் மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுத்தார். உயரமான உருவம், ஆண்கள் அணியும் கம்பளிச் சட்டை, அதன் கைகள் எந்நேரமும் முழங்கை வரை மடிக்கப்பட்டிருக்கும். குளிர் அவரைத் தொட்டு நான் கண்டதில்லை. கோயிலில் பாடும் நான் பதிகங்களை நினைவில் வைத்திருப்பதுபோல் அவர் அவமதிப்புகளை நினைவில் வைத்திருந்தார். எவர் சொன்னது, எவர் முன்னிலையில், எந்தத் தொனியில் என்று ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார்.

சாலையோரக் காய்கறிக் கடைக்காரர் ஒருவர் தம் கணினியைக் கம்பளியில் சுற்றி அவரிடம் கொண்டுவந்தார். மலைவாசிகள் நாங்கள் எதையும் போர்த்தியே பழகியவர்கள். ஈரம் ஏறும், பூஞ்சை பிடிக்கும் என்ற அச்சத்தில் தொலைக்காட்சிக்கும் போர்வை, கணினிக்கும் போர்வை. டீச்சர் கம்பளியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் உள்ளே எட்டிப் பார்த்து, கடையில் ஆம்பளை யாரும் இல்லையா என்று கேட்டுவிட்டார். டீச்சர் பழுதை நன்றாகவே நீக்கி, கம்பளியையும் மடித்துக் கொடுத்தனுப்பினார். அன்று முதல் ஒரு முட்டைக்கோசு வாங்குவதற்கும் மலைப்பாதையில் வளைந்து வளைந்து மறுகோடியிலுள்ள கம்போங் ராஜா வரை காரோட்டிப் போவார். திரும்பி வரும்போது அந்த மனிதரின் கடைக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பார். பின்னிருக்கையில் முட்டைக்கோசுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்தக் கடை மூடப்பட்ட மறுவாரமே அவர் ரிங்லெட் சந்தையில் காய் வாங்கத் தொடங்கினார்.

தொழிலில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கணினியைத் திறந்தாலும், மூடுவதற்கு முன் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அதன் முகப்பில் காட்டுவார். வந்தவர்கள் பூசை செய்கிறார் என்று எண்ணிச் செருப்பைக் கழற்றுவார்கள். அவர் பார்த்தது புகையின் போக்கை. முன்பக்கக் காத்தாடி புகையை உள்ளே இழுக்க வேண்டும். அது சூடேறும் பாகங்களை உரசிக்கொண்டு சென்று பின்பக்கக் காத்தாடி வழியே வெளியேற வேண்டும். நடுவில் சுழன்று நின்றால் வேலை முடியவில்லை என்று பொருள். கம்பிகளை ஒதுக்கிக் கட்டுவார். சில வேளைகளில் காத்தாடியைக் கழற்றித் திருப்பிப் பொருத்துவார். "முன்னால வாங்கு, பின்னால விடு. அவ்வளவுதான் சாமி கேக்குது" என்று இயந்திரத்திடமே பேசுவார்.

ஒருமுறை நான், பெட்டிக்குச் சொல்லும் புத்தியை நெஞ்சுக்கும் சொல்லிக்கொள்ளலாமே, பின்னால் விட்டுவிடலாமே என்றேன். ஊதுபத்தியை அணைக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பெட்டிக்குச் சூடு ஆவாதுங்கய்யா. எனக்கு ஆவும்."

முப்புரத்தை எரித்தவனைத்தான் நானும் நாள்தோறும் பாடுகிறேன். நஞ்சுண்ட அவனுடைய வெம்மையைத் தணிக்கத்தான் இலிங்கத்தின் மேலே தாராபாத்திரத்தைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக நீர் வார்க்கிறார்கள். கணினிக்குள் சுழலும் காத்தாடியை முதன்முதலாகக் கண்டபோது எனக்கு அந்தப் பாத்திரமே நினைவுக்கு வந்தது. இதைச் சொன்னதற்கு டீச்சர் சிரிக்கவில்லை. "அப்ப ஒங்க சாமிக்கும் தெரிஞ்சிருக்கு. நம்ம தலைவருக்குத்தான் தெரியல" என்றார்.

தலைவர் என்றது எங்கள் கோயில் தலைவரை. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரிகளுக்குச் சொந்தக்காரர். தோட்டத்தில் செல்வாக்கு மிகுந்தவர். கோயில் விழாக்களை நேரலையாக ஒளிபரப்பவும் மண்டபத்துக்கு வெளியே திரையில் காட்டவும் கணினி ஒன்று வாங்கப்பட்டபோது அதை அமைத்துக் கொடுத்தவர் டீச்சர். கூடுதலாக இரண்டு காத்தாடிகளையும் அதில் பொருத்தினார். நேரலை என்பது கணினிக்குக் கடும் உழைப்பு. மணிக்கணக்கில் சூடேறிக்கொண்டே இருக்கும் என்று விளக்கியும் இருந்தார்.

ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் மைக்கைப் பிடித்தார். அந்தக் காத்தாடிகளில் ஒன்றைக் கழற்றிவரச் செய்து, உள்ளங்கை அகலமே உள்ள அதை எல்லாரும் காணும்படி தூக்கிப் பிடித்தார்.

"நாம இருக்கறது கேமரன்ல. நானே சுவெட்டருக்குள்ள சுவெட்டர் போட்டிருக்கேன். இந்தம்மா கம்ப்யூட்டருக்குக் காத்தாடி வித்திருக்குலா. இனிமே டீச்சர் இல்ல, காத்தாடி டீச்சர்னு கூப்பிடுங்க."

பிறகு வாயைக் குவித்து ஊதினார். காத்தாடி சுற்றியது. மண்டபம் சிரித்தது. சிரித்தவர்களில் அவரிடம் படித்த பிள்ளைகளும் இருந்தார்கள். அன்று அந்த மண்டபத்தில் டீச்சர் இழந்தது நேர்மையானவர் என்ற பெயரை. பெயர் போன பிறகு கணினிகளும் போயின. பழுதானவற்றை ஊரார் மலையடியிலுள்ள தாப்பாவுக்கு எடுத்துச் சென்றார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் டீச்சர் மேடைக்கு நடந்தார். தலைவரின் கையிலிருந்து காத்தாடியை வாங்கிக் கைப்பையில் போட்டார். குரலை உயர்த்தாமல் பேசினார். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"ஒங்க லாரில கொழுந்த அமுக்கி ஏத்துனா, இந்தக் குளிர்லயும் உள்ளுக்குள்ள வெந்து செவந்து போவும். அது ஒங்களுக்குத் தெரியும் தலைவரே. இதே மைக்குல, காத்தாடி வேணும்னு ஒங்க வாயால சொல்ல வைப்பேன்."

தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் தளத்தில் காலமெல்லாம் உழைத்தவன் நான். அவர் சொன்னது உண்மை. இலையை வாட்டுவது குளிரன்று, காற்றின் ஓட்டம். தொட்டியின் அடியில் பெருங்காத்தாடி நின்றுபோனால், வெளியே பனி பெய்தாலும் மேலே கிடக்கும் இலை சூடேறிக் கெட்டுவிடும். இதை அறியாத லாரிக்காரர் இந்த மலையில் இல்லை. தோட்டத்தில் அன்றாடம் அறிந்ததைக் கோயிலுக்குள் வந்ததும் மறப்பது எங்களுடைய பழைய நோய். தலைவரும் கையசைத்து மறந்தார்.

மேடையிலிருந்து இறங்கிய டீச்சர் நேரே கருவறைக்கு முன் போய் நின்றார். முருகனிடம் என்ன சொன்னாரோ அறியேன். அந்நாள் முதல் கோயிலுக்கு வருவார், விளக்கைப் பார்ப்பார், கை கூப்ப மாட்டார். கேட்டால், "அவருகிட்ட ஒரு கேஸ் குடுத்திருக்கேங்கய்யா. தீர்ப்பு வரட்டும், கும்பிடறேன்" என்பார். மறுவாரம் தம் கடையின் பெயர்ப்பலகையை இறக்கி, வெள்ளையடித்து, சிவப்பு எழுத்தில் ‘காத்தாடி டீச்சர் கணினி நிலையம்’ என்று தம் கையாலேயே எழுதி மாட்டினார். தலைவரின் லாரிகள் கொழுந்தோடு அந்தப் பலகையைக் கடந்துதான் போக வேண்டும்.

தலைவர் அதோடு நிற்கவில்லை. கற்பூரப் புகையும் தேயிலைத் தூசும் படாதிருக்கக் கணினிக்கு ஒரு தேக்கு அலமாரி செய்வித்தார். கண்ணாடிக் கதவு, பித்தளைப் பூட்டு, உபயம் என்று தம் பெயர். எஞ்சியிருந்த காத்தாடியையும் கழற்றச் சொன்னார். டீச்சரே வந்து கழற்றிக் கொடுத்தார். தச்சர் கதவைப் பொருத்திக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. டீச்சர் அதைச் சுட்டிக்காட்டி, "இங்க ரப்பர் வைங்கண்ணே. தலைவர் காத்தே ஆவாதுன்னாரு" என்றார். தச்சரும் வைத்து அடைத்தார்.

எச்சரித்திருக்கலாமே என்று வெளியே வந்தபின் கேட்டேன். ஒருமுறை எச்சரித்ததற்கு நடந்ததைப் பார்த்தீர்களே என்றார்.

எனக்கும் தலைவரிடம் ஒரு கணக்கு உண்டு. பதிகத்தின் நிறைவுப் பாட்டு, பாடியவருக்கும் கேட்டவருக்கும் விளையும் பயனைச் சொல்வது. அதைப் பாடாமல் நிறுத்துவது, அன்னத்தைப் பிசைந்து வாய்வரை கொண்டுபோய்க் கீழே போடுவதற்குச் சமம். நான் அந்தப் பாட்டைத் தொடங்கும் நேரம் பார்த்து மைக்கை அணைப்பது தலைவரின் வழக்கம். "போதும் ஐயா, சாப்பாடு ஆறுது" என்பார். எத்தனையோ விழாக்களில் என் இறைவனுக்கு முன்னே நான் வாயசைத்து நின்றிருக்கிறேன். ஆதலால் டீச்சர் ரப்பரைக் காட்டியபோது நானும் வாய் திறக்கவில்லை. அதற்காக இன்றும் வருந்தவில்லை.

மாதங்கள் கடந்தன. நேரலை தேவைப்படும் விழா ஏதும் இடையில் வரவில்லை. அறிவிப்புத் தட்டச்சு செய்வதற்கும் காலையில் பாட்டு ஒலிபரப்புவதற்கும் கணினிக்குச் சிரமமில்லை. காத்தாடி இல்லாமலே ஓடுகிறது பார் என்று தலைவர் வருவோர்க்கெல்லாம் அலமாரியைத் தட்டிக் காட்டினார். டீச்சர் காதில் விழுந்தும் விழாததுபோல் கடந்து போவார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும்.

தலைவருடைய மகளின் திருமணம் அதே மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் தாயார் இடுப்பெலும்பு முறிந்து தாப்பாவில் மருத்துவமனையில் கிடந்தார். மகன் தாலி கட்டுவதைக் கைப்பேசியிலாவது பார்க்க வேண்டும். அவர் பார்க்கும்போதுதான் கட்ட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் உறுதியாகச் சொல்லியிருந்தார்கள். அலமாரிக்குள்ளிருந்து நேரலை அதிகாலையே தொடங்கிவிட்டது. டீச்சர் இரண்டாம் வரிசையில், மடியில் கைப்பையோடு அமர்ந்திருந்தார்.

முகூர்த்தம் நெருங்க நான் பதிகம் பாடத் தொடங்கினேன். ஐந்தாம் பாட்டில் வெளியே இருந்த பெருந்திரை கறுத்தது. தாப்பாவிலிருந்து மாப்பிள்ளையின் தம்பி அழைத்து, படம் நின்றுபோனது, அம்மா அழுகிறார் என்றான். தலைவரின் ஆட்கள் அலமாரிக்கு வெளியே இருந்த விசையைத் தட்டிக் கணினியை முடுக்கினார்கள். ஓடியது, உடனே அணைந்தது. மறுபடி முடுக்கினார்கள், மறுபடி அணைந்தது. ஒருவர் கண்ணாடியில் கை வைத்து, அடுப்பைத் தொட்டவர்போல் இழுத்துக்கொண்டார். மாப்பிள்ளை தாலியைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார். சோதிடர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவரின் பட்டுச்சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கேமரன் மலையில் ஒருவர் அப்படி வியர்த்து அதற்குமுன் நான் கண்டதில்லை.

அவர் இரண்டாம் வரிசைக்கு வந்து குனிந்தார். "டீச்சர், கொஞ்சம் பாருங்க" என்றார். டீச்சர் எழவில்லை. கைப்பையைத் திறந்து அந்தக் காத்தாடியை எடுத்து மடியில் வைத்தார். பிறகு விரலை நீட்டி மைக்கைக் காட்டினார்.

மைக் என் கையில் இருந்தது. தலைவர் என்னிடம் வந்து கையை நீட்டினார். நான் பாடிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டும் விடாமல், ஓர் அடியையும் குறுக்காமல், நிறைவுப் பாட்டைப் பாடிப் பயன் சொல்லி முடித்தேன். அதுவரை அவர் நீட்டிய கையோடு நின்றார். பின்னர் இரு கைகளாலும் மைக்கை அவரிடம் கொடுத்தேன்.

"கம்ப்யூட்டருக்குக் காத்தாடி வேணும்," என்றார் தலைவர். "டீச்சர் சொன்னது சரி. அவங்க ஏமாத்தல."

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலீங்க தலைவரே," என்றார் டீச்சர். "அன்னைக்கு எல்லாருக்கும் கேட்டுச்சு. கொழுந்து கதையவும் சேத்துச் சொல்லுங்க."

மணமகள் தலை குனிந்திருந்தாள். அந்தப் பெண் செய்த குற்றம் எதுவுமில்லை. டீச்சர் அவளைப் பார்க்கவேயில்லை. தலைவர் குரலை உயர்த்தி, கொழுந்தை அமுக்கினால் வேகும், கணினியும் அப்படித்தான், காற்று ஓட வேண்டும், டீச்சர் நேர்மையானவர் என்று முழுவதும் சொன்னார். இம்முறை கடைசி வரிசையிலிருந்து ஒருவர், "இப்ப கேக்குதுலா" என்று குரல் கொடுத்தார்.

டீச்சர் எழுந்தார். சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்து கதவை அகலத் தள்ளினார். அலமாரியிலிருந்து அனல் வந்தது. கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி, புகைப்பிசுக்கும் தேயிலைத் தூசும் கம்பளியாய்த் திரண்டு அடைத்திருந்ததைத் தூரிகையால் எடுத்தார். காத்தாடியைப் பின்புறம் பொருத்திக் கணினியை முடுக்கினார். பிறகு அவ்வளவு பேரையும் காக்கவைத்து, மணவறையிலிருந்த ஊதுபத்தி ஒன்றை எடுத்து முகப்பில் காட்டினார். புகை உள்ளே போனது, பின்னால் வந்தது. திரை வெளுத்தது. தாப்பாவில் அந்தத் தாயார் தம் மகன் தாலி கட்டுவதைப் பார்த்தார். கெட்டிமேளம் அடங்குவதற்குள் டீச்சர் கருவறைக்கு முன்னே போய், தலைக்கு மேல் கை உயர்த்திக் கும்பிட்டார். நெடுநேரம் கும்பிட்டார். விருந்துக்கு அமரவில்லை.

பின்னொரு நாள் கேட்டேன். தலைவர் மைக்கைத் தொட மறுத்திருந்தால், அந்தத் தாயார் பார்க்காமலே போகும்படி விட்டிருப்பீர்களா?

"விட்டிருப்பேங்கய்யா," என்றார்.

சும்மா சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அன்றிரவு எனக்கு வழிபாட்டில் மனம் குவியவில்லை. ஆயினும் மறுநாள் அவர் கடைக்குப் போனேன், தேநீர் கொடுத்தார், குடித்தேன். ஒருவரிடம் அஞ்சிக்கொண்டும் அன்பு செலுத்த முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஊரார் கணினிகளோடு திரும்பி வந்தார்கள். சிரித்தவர்களுக்கும் அவர் வேலையில் குறை வைத்ததில்லை. பலகையை மட்டும் மாற்றவில்லை. வழக்கு முடிந்துவிட்டதே என்றேன். "தீர்ப்பு வந்திருச்சு. தண்டன ஓடிக்கிட்டு இருக்கு" என்றார்.

சென்ற மழைக்காலத்தில் டீச்சர் சிவபதம் அடைந்தார். வீட்டு முன்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கும் ஊதுபத்தியும். அதற்கப்பால் ஆளுயரத்தில் நிற்கும் வீட்டுக் காத்தாடி ஒன்று அணைந்திருந்தது. கால்மாட்டில் ஒரேயொரு நல்ல நாற்காலி காலியாக இருந்தது. யார் உட்காரப் போனாலும் அவர் மகள், வேறிடம் காட்டி அமர்த்தினாள். மலை முழுவதும் மழை. நாங்கள் அனைவரும் கம்பளிக்குள் ஒடுங்கியிருந்தோம்.

தலைவர் மாலையோடு வந்தார். வராமலிருந்தால் ஊர் பேசும். மகள் எழுந்து வணங்கி, "ஒக்காருங்க மாமா" என்று அந்த நாற்காலியைக் காட்டினாள். அவர் அமர்ந்ததும் காத்தாடியை முழு வேகத்தில் முடுக்கினாள்.

"எதுக்கும்மா இந்தக் குளிர்ல?" என்றார் தலைவர்.

"அம்மா சொல்லிட்டுப் போனாங்க மாமா. தலைவர் வந்தா காத்து வரணும்னு."

எவரும் சிரிக்கவில்லை. எவரும் அதை அணைக்கவும் இல்லை. மகள் என்னைப் பார்த்தாள். இறந்தவருக்காகப் பதிகம் பாடும்போது நடுவில் எழுவது எங்கள் தோட்டத்தில் வழக்கமில்லை. எழுந்தால் போகிற உயிர் திரும்பிப் பார்க்கும் என்பார்கள். நான் தாளத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்தவற்றுள் மிக நீண்ட பதிகத்தை, மிக மெதுவான பண்ணில் தொடங்கினேன். ஒவ்வொரு பாட்டின் ஈற்றடியையும் மீண்டும் மீண்டும் பாடினேன். தலைமாட்டுப் புகை எழுந்து, டீச்சரின் முகத்தைக் கடந்து, அவர் உடல் நெடுகிலும் தாழ்ந்து ஓடி, கால்மாட்டைத் தாண்டித் தலைவரின் முகத்தில் போய் முடிந்தது. எங்கும் சுழன்று நிற்கவில்லை. அவர் சுவெட்டரின் கழுத்தை இழுத்து வாயை மூடிக்கொண்டார். பல் கிட்டும் ஓசை தாளத்துக்கு நடுவே எனக்குக் கேட்டது. நிறைவுப் பாட்டு வந்தது. அன்று அணைப்பதற்கு அவர் கையருகே மைக் எதுவும் இல்லை.

இந்த மலரின் முதல் பக்கத்தில் தலைவரின் வாழ்த்துரை வரும் என்று அறிகிறேன். இது கடைசிப் பக்கத்தில் வருமாம். பதிகத்தின் பயன் சொல்லும் இடமும் அதுவே. ஆகவே சொல்கிறேன்: இதனை வாசித்தோரும், வாசிக்கக் கேட்டோரும், நோயின்றி, பழியின்றி, பெயர் கெடாமல் வாழ்க. அவர்தம் இல்லங்களில் நல்ல காற்று முன்னே புகுந்து, வெம்மையெல்லாம் பின்னே அகல்க. தலைவர் அவர்களும் நெடுநாள் வாழ்க. அந்தப் பலகையைக் கடந்து அவருடைய லாரிகள் நாளும் செல்க. வேலவன் திருவடி வாழ்க.